மாக்னா கும் லௌடேன்னா எத்தன பர்சன்ட் சார்?

2018-ல ஜெர்மனிலேர்ந்து திரும்பி வந்த மூணாவது மாசம், ஒரு காலேஜுக்கு சர்டிபிகேட் வெரிஃபிகேஷனுக்குப் போயிருந்தேன், எந்தக் காலேஜ்னு வேணாம். மேசைக்கு அந்தாண்ட உக்காந்திருந்த அம்மா நல்லவங்கதான், என் பிஎச்டி பட்டத்த கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டுப் பாத்தாங்க, திருப்பிப் பாத்தாங்க, பின்பக்கம் ஒண்ணும் இல்ல, திரும்ப முன்பக்கம் பாத்தாங்க. "இதுல பர்சன்டேஜ் எங்க சார் போட்டிருக்கு?" ஜெர்மனில பிஎச்டிக்கு மார்க்கு கிடையாதும்மா, லத்தீன்ல ஒரு கிரேடுதான் தருவாங்க, எனக்கு மாக்னா கும் லௌடே, அதாவது ரெண்டாவது எடம்னு சொன்னேன். அப்ப மொத எடம் என்னன்னு கேட்டாங்க. சும்மா கும் லௌடே. "சும்மாவா?"ன்னு சிரிச்சிட்டாங்க, எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு, உலகத்துலயே பெரிய கிரேடுக்குப் பேரு சும்மான்னா நான் என்னத்த சொல்றது. ஆனா சிரிப்பு முடிஞ்சும் ஃபாரத்துல அந்த பர்சன்டேஜ் கட்டம் காலியாத்தான் இருந்துச்சு. கோர்ஸ் வொர்க், அதாவது பிஎச்டி ஆரம்பத்துல படிக்கற பாடம், அத முடிச்ச தேதி, அதுவும் காலி, ஏன்னா நான் சேந்த இடத்துல கோர்ஸ் வொர்க்கே இல்ல, மொத நாளே லேப் சாவிய கையில குடுத்துட்டாங்க. கடைசியில ஒரு மஞ்ச சீட்டுல "வெளிநாடு"ன்னு எழுதி ஃபைல் மேல ஒட்டிட்டாங்க. அந்த ஃபைல் அதுக்கப்புறம் நகரல.

இப்ப எதுக்கு இந்தப் பழங்கதைன்னா, நாங்க இருக்கறது கடலூர் ஓ.டி, எதிர்வீட்டுப் பொண்ணு எம்எஸ்சி முடிச்சு ஜேஆர்எஃப், அதான் பிஎச்டி பண்ண அரசு தர்ற மாச உதவித்தொகை, வாங்கிட்டா. காலாப்பட்டுல இருக்கற பாண்டிச்சேரி யுனிவர்சிட்டில பிஎச்டி இடம் கிடைக்கற மாதிரி இருக்கு, அதே நேரத்துல ஜெர்மனில ஒரு ப்ரொஃபசர் வீடியோ கால்ல இன்டர்வியூ பண்ணி வந்துடுன்னுட்டாரு. அவங்க அப்பா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எங்க திண்ணையில வந்து உக்காந்து ஒரே கேள்விதான் கேட்டாரு, "தம்பி, ஃபாரின்ல டாக்டர் பட்டம் வாங்கிட்டு வந்தா இங்க நேரா ப்ரொஃபசர் வேலையா?" அவருக்கு ஆமா இல்லன்னு ஒரு வார்த்தையில சொல்ல முடியல, அதான் உக்காந்து எழுதறேன்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு மொதல்ல பாத்துடுவோம், ஏன்னா இதுலதான் பாதிப் பேரு ஏமாறுறாங்க. யுஜிசியோட 2018 விதிப்படி அசிஸ்டன்ட் ப்ரொஃபசர் ஆகறதுக்கு எம்ஏ எம்எஸ்சில 55 சதவீதம், அதோட நெட் இல்லனா செட்ங்கற தகுதித் தேர்வு பாஸ் பண்ணியிருக்கணும், அதுக்குப் பதிலா இன்னொரு வழியும் இருக்கு, க்யூஎஸ், டைம்ஸ், ஷாங்காய் இந்த மூணு ரேங்கிங்ல ஏதாவது ஒண்ணுல முதல் 500-க்குள்ள வந்த வெளிநாட்டு யுனிவர்சிட்டில பிஎச்டி பண்ணியிருந்தா போதும். அப்ப ஃபாரின் பிஎச்டிக்கு தனி மரியாதை இருக்குன்னுதானே தோணும்? தகுதி வரைக்கும் இருக்கு. ஆனா அதே விதியில யுனிவர்சிட்டி வேலைக்கு யார யார இன்டர்வியூக்கு கூப்பிடறதுன்னு ஒரு மார்க் டேபிள் போட்டிருக்காங்க, அதுல பிஎச்டிக்கு 30 மார்க், கேம்பிரிட்ஜ்ல வாங்குனாலும் 30, காலாப்பட்டுல வாங்குனாலும் 30, சிதம்பரத்துல வாங்குனாலும் 30. பேப்பருக்கு ஒண்ணுக்கு 2 மார்க், 10-க்கு மேல கிடையாது, அதாவது அஞ்சு பேப்பருக்கு அப்புறம் நீ எழுதறதெல்லாம் உன் சந்தோஷத்துக்கு. போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்கு அப்புறம் பண்ற தற்காலிக ஆராய்ச்சி வேல, அந்த அனுபவமும் டீச்சிங் அனுபவமும் ஒரே தட்டு, வருஷத்துக்கு 2, அதுவும் 10 வரைக்கும்தான். இதையெல்லாம் கூட்டி இன்டர்வியூ வாசல் வரைக்கும் வந்தா, அந்த மார்க் அங்கயே செத்துடும், உள்ள இன்டர்வியூ ஒண்ணுதான் முடிவு பண்ணும்.

அந்த இன்டர்வியூல உக்காந்திருக்கறவங்களுக்கு நீ யாருன்னு தெரியணும் இல்லியா. இதத்தான் நான் போறதுக்கு முன்னாடி யோசிக்கவே இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க, சிபாரிசு, பணம் அதப் பத்தி நான் பேசல, அது வேற கத. சாதாரணமா நடக்கறதச் சொல்றேன். இங்கயே பிஎச்டி பண்றவன் அஞ்சு வருஷமா கான்ஃபரன்ஸ்க்கு போறான், கைடோட சேந்து வைவாங்கற கடைசி வாய்மொழித் தேர்வுக்கு வர்ற எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கூட்டிட்டு வர்றான், அவருக்கு ரூம் போடறான், சாப்பாடு வாங்கித் தர்றான், கெஸ்ட் லெக்சரரா ரெண்டு செமஸ்டர் ஓட்டுறான், ஊர் ஊரா இருக்கற துறைத் தலைவர்ங்களுக்கு அவன் மூஞ்சி தெரியும். நான் அந்த அஞ்சு வருஷம் கீல்னு ஒரு வடக்குக் கடற்கரை ஊர்ல சேத்த சலிச்சிக்கிட்டு இருந்தேன். என்னையும் நல்லாத் தெரிஞ்சவங்க இருக்காங்க, ஆனா அவங்கெல்லாம் ப்ரெமன்லயும் சதாம்ப்டன்லயும் இருக்காங்க, தமிழ்நாட்டு செலெக்‌ஷன் கமிட்டில இல்ல.

இங்கதான் விஷயமே இருக்கு. வெளிநாட்டு பிஎச்டி உனக்கு நெறைய அறிவு தருதான்னு கேட்டா தரும், ஆனா அறிவு இங்கயும் கிடைக்கும், கிடைக்காதது ஆளுங்க. நீ எந்த ஆளுங்க கூட்டத்துக்குள்ள போற, உனக்கு யாரு லெட்டர் எழுதுவாங்க, அந்த லெட்டர் எந்த நாட்டுல செல்லும், இதத்தான் அந்த நாலஞ்சு வருஷம் முடிவு பண்ணுது. அமெரிக்காவுலயே கூட இப்படித்தான்னு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, கொலராடோ யுனிவர்சிட்டிக்காரங்க பண்ணி 2022-ல நேச்சர் இதழ்ல வந்தது, அமெரிக்காவுல பிஎச்டி வாங்கி அங்கயே பேராசிரியரா இருக்கறவங்கள்ல 80 சதவீதம் பேரு 20 சதவீத யுனிவர்சிட்டிலேர்ந்து மட்டும் வந்தவங்களாம், அதுலயும் பெர்க்லி, ஹார்வர்ட், மிச்சிகன், விஸ்கான்சின், ஸ்டான்ஃபோர்டுன்னு அஞ்சே அஞ்சு இடம் மட்டும் எட்டுல ஒருத்தர அனுப்பியிருக்கு. அதனால "ஃபாரின்"னு பொத்தாம் பொதுவா பேசறதே தப்பு. ஏதோ ஒரு மூலையில இருக்கற அமெரிக்க காலேஜ்ல பிஎச்டி பண்ணிட்டு அங்கயே ப்ரொஃபசர் ஆகிடலாம்னு நெனச்சா, அந்த ஊர்க்காரனுக்கே அது கஷ்டம்.

அதுக்காக கதவே அடைச்சிருக்குன்னும் சொல்ல மாட்டேன். நம்ம சிதம்பரத்துல 1952-ல பொறந்த வெங்கி ராமகிருஷ்ணன எடுத்துக்கோங்க, சின்ன வயசுலயே குடும்பம் பரோடாவுக்குப் போயிடுச்சு, அது வேற. அவரு 1976-ல பிஎச்டி வாங்குனது ஒஹையோ யுனிவர்சிட்டி, பிசிக்ஸ், மேல சொன்ன அஞ்சுல அது இல்ல. முடிச்சதும் இது நமக்கு சரிப்படலன்னு திரும்ப ஒரு மாணவனா சான் டியகோவுல போய் பயாலஜி படிச்சாரு, டாக்டர் ஆனதுக்கு அப்புறம் மறுபடி பெஞ்சுல உக்காந்து! அப்புறம் யேல்ல போஸ்ட்டாக், அங்கதான் ரைபோசோம், செல்லுக்குள்ள புரதம் தயாரிக்கற பொருள், அதப் பத்தின வேலையே ஆரம்பிக்குது. அதுக்கப்புறமும் கிட்டத்தட்ட 50 யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணி ஒண்ணும் கிடைக்கல, ப்ரூக்ஹேவன் லேப்ல வேலைக்குச் சேந்து, யூட்டா, கேம்பிரிட்ஜ்னு சுத்தி 2009-ல நோபல். நான் இதுலேர்ந்து எடுத்துக்கறது விடாமுயற்சி மண்ணாங்கட்டி இல்ல, அவரோட வாழ்க்கைய திருப்புனது பிஎச்டி பண்ண இடம் இல்ல, போஸ்ட்டாக் பண்ண லேப். சயின்ஸ்ல இது நெறைய பேருக்கு அப்படித்தான். இங்க காலாப்பட்டுலயோ, அண்ணாமலை யுனிவர்சிட்டியோட கடல் உயிரியல் மையம் இருக்கற பரங்கிப்பேட்டைலயோ நல்லா பிஎச்டி முடிச்சிட்டு, ரெண்டு மூணு நல்ல பேப்பரோட வெளிநாட்டுல போஸ்ட்டாக் போறதும் ஒரு வழி, அத எங்க ஊர்ல யாரும் பெருசாவே பேசறதில்ல, பிஎச்டின்னாலே ஒண்ணு உள்ளூர் இல்ல ஃபாரின்னு ரெண்டா வெட்டிடறாங்க.

ஐஐடி, ஐசர் மாதிரி மத்திய அரசோட பெரிய நிறுவனங்கள்ல நெலம வேற. அங்க அசிஸ்டன்ட் ப்ரொஃபசர் முழு கிரேடு வாங்க பிஎச்டிக்கு அப்புறம் மூணு வருஷ அனுபவம் கேக்கறாங்க, நடைமுறையில அந்த அனுபவம் பெரும்பாலும் வெளிநாட்டு போஸ்ட்டாக்காத்தான் இருக்கு, கமிட்டில உக்காந்திருக்கறவங்கள்லயும் நெறைய பேரு அப்படியே போயிட்டு வந்தவங்கதான், அதனால உன் ஜெர்மன் ப்ரொஃபசர் எழுதுன லெட்டர் அங்க செல்லுபடியாகும். அதே லெட்டர கொண்டுபோய் ஆர்ட்ஸ் காலேஜ் ஆபீஸ்ல நீட்டுனா மஞ்ச சீட்டு. அரசு ஆர்ட்ஸ் காலேஜ் வேலைன்னா டிஆர்பி, அதான் ஆசிரியர் தேர்வு வாரியம், அதோட பரீட்சை எப்ப வரும் எப்ப நடக்கும்னு ஜோசியக்காரனுக்கும் தெரியாது, 2024 மார்ச்ல 4,000 இடம்னு அறிவிச்சு ஆகஸ்ட்ல பரீட்சைன்னாங்க, அது தள்ளிப் போச்சு, அந்த வரிசையில நிக்கறப்ப நீ கீல்ல படிச்சியா கீழத்தெருவுல படிச்சியான்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்.

இந்த மோகம் இன்னிக்கு நேத்து வந்தது இல்ல. சி.வி. ராமனுக்கு 1917-ல கல்கத்தாவுல பாலித் ப்ரொஃபசர் பதவி குடுக்கறப்ப, அந்தப் பதவிக்கு வெளிநாட்டுல பயிற்சி எடுத்திருக்கணும்னு நிபந்தன இருந்துச்சு. அவரு போக மாட்டேன்னுட்டாரு. கல்கத்தா யுனிவர்சிட்டி துணைவேந்தரா இருந்த அஷுதோஷ் முகர்ஜிதான் முன்ன நின்னு அந்த நிபந்தனைய தளத்திக் குடுத்தாரு. அப்படி ஒரு முகர்ஜி எல்லாருக்கும் கிடைப்பாரான்னுதான் கேள்வி.

சரி, தலைப்பு. ஆராய்ச்சித் தலைப்பு எதுன்னு முடிவு பண்றதுதான் என்னப் பொறுத்தவரைக்கும் ஃபாரின் பிஎச்டில இருக்கற பெரிய கண்ணி, ஏன்னா அது நீ முடிவு பண்றதே இல்ல. ஜெர்மனில பெரும்பாலும் ப்ரொஃபசருக்கு ஒரு ப்ராஜெக்ட் பணம் வரும், அந்தப் பணத்துக்கு ஒரு ஆளு வேணும், அந்த ஆளு நீ. மாணவன் இல்ல, வேலைக்காரன், டிவி-எல் 13-னு அரசு சம்பள விகிதத்துல பாதியோ 65 சதவீதமோ தருவாங்க, பென்ஷன் பிடிப்பாங்க, லீவு உண்டு, ஃபீஸ் கிடையாது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வேலைக்குச் சேந்தவன் முதலாளி சொன்ன வேலையத்தான செய்யணும்? நான் பரங்கிப்பேட்டைல எம்எஸ்சி பண்றப்ப வெள்ளாத்து முகத்துவாரத்துல முட்டிச் சேத்துல நின்னு சாம்பிள் எடுத்தவன், அங்க போயி பால்டிக் கடல் சேத்துல ஃபோராமினிஃபெரான்னு ஒரு நுண்ணுயிரோட ஓட்டப் பொறுக்குனேன். மணல் பருமன்தான் இருக்கும் ஒவ்வொரு ஓடும், மைக்ராஸ்கோப்புல பாத்துக்கிட்டே மெல்லிசான பிரஷ்ஷ தண்ணியில நனச்சு ஒண்ணு ஒண்ணா தொட்டு எடுக்கணும், தும்முனா ஒரு நாள் வேல போச்சு. அப்படி சேத்த ஓட்ட மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல போட்டு ஆக்சிஜன் ஐசோடோப் அளந்தா ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடி கடல் எவ்ளோ சூடா இருந்துச்சுன்னு கணக்குப் போடலாம். மிஷின் ரெண்டு மாடி கீழ, போட்டுட்டு வந்தா மறுநாள் காலையில ரிசல்ட்.

திரும்பி வந்தப்ப என்கிட்ட இருந்தது அந்த பிரஷ்ஷு மட்டும்தான். மிஷின் இல்ல, கப்பல் இல்ல, பால்டிக் கடலும் இல்ல. இங்க சாம்பிள்ள பொட்டலம் கட்டி எங்கயாவது அனுப்பி வரிசையில காத்திருக்கணும். நாலு பேப்பர் போட்டவன், வந்து மூணு வருஷத்துல ஒரு பேப்பர் கூடப் போடல. என்கூட பரங்கிப்பேட்டைல படிச்ச ஒருத்தன் வெளிய எங்கயும் போகல, அதே வெள்ளாத்துல சதுப்புநில நண்டப் பத்தி பண்ணான், அவனுக்கு படகுக்காரரத் தெரியும், எந்த மாசம் எங்க போகணும்னு தெரியும், வருஷத்துக்கு ரெண்டு பேப்பர் வருது. யாரு புத்திசாலின்னு நீங்களே சொல்லுங்க. அதனால போறவங்க கிட்ட நான் சொல்றது, தலைப்பத் தூக்கிட்டு வர முடியுமான்னு பாரு, நம்ம கடல், நம்ம வயல், நம்ம நோயி, இல்லன்னா லேப்டாப் மட்டும் இருந்தா ஓடற வேல, கணிதம், மாடலிங் மாதிரி. கல்வெட்டு, சுவடி மாதிரி வேலையா இருந்தா கேக்கவே வேணாம்.

சுவடின்னதும் பாண்டி ஞாபகம் வருது. செயின்ட் லூயி தெருவுல இருக்கற பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட், 1955-ல ஆரம்பிச்சது, கடலப் பாத்த மாதிரி வெள்ளக் கட்டடம், அங்க இருக்கற சைவ ஓலைச்சுவடித் தொகுப்ப யுனெஸ்கோ 2005-ல உலக நினைவுப் பதிவேட்டுல சேத்துச்சு. அங்க போய்ப் பாத்தா பயணம் தலைகீழா நடக்குது, ஐரோப்பாலேர்ந்து பசங்க பிஎச்டிக்காக நம்ம ஊருக்கு வர்றாங்க, வயசான பண்டிதர் பக்கத்துல உக்காந்து ஒரு ஆகமத்த வரி வரியாப் படிக்கறாங்க. அவங்களுக்கும் அது வெளிநாட்டு அனுபவந்தான், ஊருக்குப் போய் பாரிஸ்லயோ ஹாம்பர்க்லயோ வேலைக்கு அப்ளை பண்றப்ப "பாண்டிச்சேரில ரெண்டு வருஷம்"ங்கறது அவங்க பயோடேட்டால கனமா நிக்கும். அதே பண்டிதர்கிட்ட படிச்ச நம்ம பையனுக்கு அந்த வரியால இங்க ஒரு மார்க்கு கிடையாது. ஒரே மேச, ஒரே சுவடி. இத நெனச்சா எனக்குக் கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்யுது.

பாண்டில இன்னொரு கூத்தும் உண்டு, பிரெஞ்சு குடியுரிமை இருக்கற குடும்பத்துப் பசங்களுக்கு ஃபிரான்ஸ் ஃபாரினே இல்ல, விசா கிடையாது, லைசேங்கற பிரெஞ்சு பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு நேரா போயிடுவாங்க. மத்தவங்களுக்கும் ஃபிரான்ஸ்ல டாக்டரேட் ஃபீஸ் வருஷத்துக்கு கிட்டத்தட்ட 400 யூரோதான், இளங்கலைக்கும் மாஸ்டருக்கும் 2019-லேர்ந்து வெளிநாட்டவருக்கு ஏத்துனாங்க, டாக்டரேட்ட மட்டும் விட்டுட்டாங்க. கோட்யூடெல்னு ஒரு ஏற்பாடும் இருக்கு, ரெண்டு நாட்டு யுனிவர்சிட்டில ஒரே சமயம் பதிவு பண்ணி, அங்க ஒரு கைடு இங்க ஒரு கைடு, ஒரே ஆய்வேடு. என் கணக்குல இங்க திரும்பி வரணும்னு நெனைக்கறவங்களுக்கு இதுதான் சரியான வழி, ஏன்னா ரெண்டு ஊர் ஆளுங்களும் உன்ன மறக்க மாட்டாங்க, மார்க்‌ஷீட்டுல கட்டமும் நெறையும். பேப்பர் வேல மட்டும் உயிர எடுத்துடும்.

பணத்தப் பத்தியும் அந்த அப்பா கேட்டாரு. இங்க ஜேஆர்எஃப் 2023-லேர்ந்து மாசம் 37,000, ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் 42,000, வீட்டு வாடக தனி. சமயத்துக்கு வராது, மூணு மாசம் சேத்து வரும், ஆனா வரும். பிஎச்டிக்கு கடன் வாங்கிட்டுப் போறேன்னு யாராவது சொன்னா நான் கைய பிடிச்சு நிறுத்துவேன், சம்பளமோ ஸ்காலர்ஷிப்போ இல்லாத பிஎச்டி எந்த நாட்டுல இருந்தாலும் வேணாம். மத்திய அரசோட தேசிய ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் வருஷத்துக்கு 125 பேருக்கு, பட்டியலின மாணவர்களுக்குத்தான் பெரும்பாலும், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருக்கணும். அதுல 2022-ல ஒரு கட்டுப்பாடு போட்டாங்க, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்திய சமூகம் சம்பந்தமா வெளிநாட்டுல ஆராய்ச்சி பண்ண பணம் தர மாட்டோம்னு. சாதியப் பத்தி கொலம்பியாவுல போய் ஆராய்ச்சி பண்ணா இப்ப அந்தப் பணம் வராது. அம்பேத்கர் 1913-ல கொலம்பியாவுக்குப் போனதே பரோடா மன்னர் குடுத்த ஸ்காலர்ஷிப்லதான்ங்கறத நெனச்சா விசித்திரமா இருக்கு.

அங்கயே தங்கிட்டா என்ன? தங்கலாம், எனக்குத் தெரிஞ்சவங்க நெறைய பேரு தங்கிட்டாங்க, பெரும்பாலும் கம்பெனில. யுனிவர்சிட்டில இல்ல. ஜெர்மனில ஒரு சட்டம் இருக்கு, பிஎச்டிக்கு முன்னாடி 6 வருஷம், பின்னாடி 6 வருஷம், அதுக்குள்ளதான் அந்த மாதிரி தற்காலிக ஒப்பந்தத்துல வச்சிக்கலாம், அப்புறம் நிரந்தர வேல தரணும் இல்லனா வெளிய. நிரந்தர வேல கொஞ்சந்தான், அதனால வெளிய. 2021-ல ஜெர்மன்காரங்களே இத எதிர்த்து இன்டர்நெட்ல பெருசா கெளம்புனாங்க. எங்க லேப்ல என்னவிட நல்லா வேல செஞ்ச ஒரு ஜெர்மன் பொண்ணு நாப்பது வயசுல ஸ்கூல் டீச்சர் ட்ரெயினிங் போனாங்க. இத நம்ம ஊர்ல சொன்னா நம்ப மாட்டாங்க.

திரும்பி வர்றவங்களுக்கு அரசாங்கம் பாலம் போட்டிருக்கு, ராமானுஜன் ஃபெலோஷிப், ராமலிங்கசுவாமி ஃபெலோஷிப் எல்லாம், ராமானுஜன்ல மாசம் 1,35,000, ஆராய்ச்சிக்கு வருஷத்துக்கு 7 லட்சம், அஞ்சு வருஷம். நல்ல பாலம்தான், அந்தாண்ட கரையில வேல இருக்கணும், இல்லனா அஞ்சு வருஷம் கழிச்சு பாலத்து நடுவுல நிக்கணும். நான் அதுக்கும் அப்ளை பண்ணேன், கிடைக்கல, இப்ப பாண்டில ஒரு பிரைவேட் காலேஜ்ல வாரத்துக்கு 18 மணி நேரம் பாடம் எடுக்கறேன். சொன்னா நம்ப மாட்டீங்க, பாடம் எடுக்கவே நான் இங்க வந்துதான் கத்துக்கிட்டேன். அமெரிக்காவுல பிஎச்டி அஞ்சாறு வருஷம் இழுக்கும், ஆனா டீச்சிங் அசிஸ்டன்ட்டா பசங்க முன்னாடி நின்னு பழக்கம் வந்துடும், எனக்கு ஜெர்மனில கரும்பலகையத் தொடக்கூட சந்தர்ப்பம் வரல.

இவ்ளோ சொல்லிட்டு போகாதன்னு சொல்வேன்னு நெனச்சாரு அவங்க அப்பா. அப்படிச் சொல்ல மனசு வரல. கீல்ல எங்க ப்ரொஃபசர் ஒரு நாள் மீட்டிங்ல, ரெண்டாவது வருஷ மாணவன் நான், "உன் கிராஃப் சரி, என் பழைய பேப்பர்தான் தப்பு"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாரு, சொல்லிட்டு காபி ஊத்திக்கிட்டாரு. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. இப்ப என் பசங்க கிட்ட நான் தப்புன்னு ஒத்துக்கறப்பல்லாம் அந்த காபிதான் ஞாபகம் வரும். அத மார்க் டேபிள்ல எந்தக் கட்டத்துல போடறது?

பொண்ணுக்கு நான் ஒரே ஒரு வேல குடுத்தேன். அந்த ப்ரொஃபசருக்கு மெயில் போடும்மா, உங்க லேப்ல கடைசியா முடிச்ச ஆறு பேரு இப்ப எங்க இருக்காங்கன்னு கேளு. தப்பா நெனச்சுக்க மாட்டாரா அண்ணான்னு ரெண்டு நாள் தயங்குனா, அப்புறம் போட்டா. நேத்து சாயங்காலம் பதில் வந்துச்சு, போனத் தூக்கிக்கிட்டு தெருவத் தாண்டி ஓடி வந்தா. ரெண்டு பேரு மருந்துக் கம்பெனி, ஒருத்தர் ஸ்வீடன்ல போஸ்ட்டாக், ஒருத்தர் சிலி நாட்டுல சொந்த ஊர் யுனிவர்சிட்டில லெக்சரர், ஒருத்தர் குழந்தையப் பாத்துக்கிட்டு வீட்டுல. ஆறாவது பேருக்கு நேரா "தெரியவில்லை, தொடர்பு விட்டுப்போச்சு, அது என் தப்பு"ன்னு எழுதியிருந்தாரு. அந்த ஒரு வரியப் படிச்சதுமே ஆளு நல்லவர்னு எனக்குப் பட்டுடுச்சு. அவங்க அப்பா இன்னும் அதே வரியத்தான் திருப்பித் திருப்பி படிக்கச் சொல்லிக்கிட்டு இருக்காரு.